கார் இல்லாத வீட்டில் ஒரு கார் கவர்

இன்று காலை எங்கள் தெருவில் பெரிய பஞ்சாயத்து. காரணம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி!

கூனிமேடு பக்கம் புதிதாக மனை போட்டு, வீடு கட்டி விற்ற நகர் எங்களுடையது. விற்கும்போது எல்லா வசதியும் சொன்னார்கள். காரை எங்கே நிறுத்துவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. (நாங்களும் கேட்கவில்லை, அது வேறு கதை!)

அதனால் தெருவில் இருக்கிற கொஞ்சம் இடத்துக்குத் தினமும் அடிபிடி.

எங்களிடம் கார் கிடையாது. ஆனாலும் வாசலில் நாற்காலி போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அடுத்த தடவை ஊருக்கு வந்ததும் கார் வாங்குவாராம். போன லீவில் கார் கவரை மட்டும் வாங்கி வைத்துவிட்டுப் போனார். (ஆமாம், கவர் மட்டும்! சிரிக்காதீர்கள்.)

எதிர் வீட்டு ரமேஷ் அண்ணனுக்கு இன்று பொறுமை போய்விட்டது.

"ஏம்மா பாத்திமா, இல்லாத காருக்கு எதுக்கும்மா எடம்? உப்பளத்து ஓரமா வுட்டு வுட்டு என் வண்டி துரு புடிச்சுப் போச்சு. வந்து பாரு!"

"அவரு வந்துடுவாருண்ணே. இந்தப் பெருநாளுக்குக் கண்டிப்பா வர்றாரு."

"போன பெருநாளுக்கும் இதையேதாம்மா சொன்னே."

எனக்கு அழுகைதான் வந்தது. இந்தத் தடவையும் லீவு இல்லை என்று அவர் நேற்றே சொல்லிவிட்டார். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத்தான் மனசு வரவில்லை.

அண்ணன் பதறிவிட்டார்.

"ஐயோ, அழாதம்மா! நான் அங்கயே வுட்டுக்கிறேன், வுடு."

நானே நாற்காலியை எடுத்து உள்ளே போட்டேன். அவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கவரையும் கொடுத்தேன்.

"போட்டுக்கங்கண்ணே, உப்புக்காத்து. இதுவும் சும்மாதான் கெடக்குது."

போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். உடனே போன்!

"கவர் சரியா இருக்குதா?"

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்குது மச்சான். நீங்கதான் இல்ல."



"வந்துடறேன் பாத்திமா."

மூடியிருப்பதால் அது யார் கார் என்று தெரியவில்லை. சாயங்காலத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்கிற ஒவ்வொரு தடவையும், அவர் வந்துவிட்டார் என்றே ஒரு நொடி தோன்றுகிறது.

ரமேஷ் அண்ணனிடம் அந்தக் கவரை நான் சண்டை போட்டுத் திருப்பி வாங்குகிற நாள் சீக்கிரம் வரணும். துஆ செய்யுங்கள், மக்களே!