பாகலூரில் ஒரு பதில் பாட்டு

ஓசூரிலிருந்து பாகலூர் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நகரப் பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் கன்னடமும் பின் இருக்கையில் தெலுங்கும் பேசிக்கொண்டு வந்த நடத்துநர், என்னிடம் "எங்கம்மா?" என்று கேட்டு, பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துத் தந்தார்.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வாளர் இந்தப் பக்கத்து லம்பாடிக் குடும்பங்களின் பாட்டுகளைப் பதிவுசெய்து, வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றில் சேர்த்திருந்தார். அங்கே அவற்றைக் கேட்க ஆங்கிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாடியவர்களே கைபேசியில் கேட்கும்படி ஓர் இணையப் பக்கம் அமைத்துத் தருவது என் வேலை. அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதை மூடிவிடுவது என்பது ஒப்பந்தம்.

நிறுத்தத்தில், பாடிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த ராமு பைக்குடன் நின்றிருந்தார். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். "மொதல்ல டீ குடிங்க மேடம். அம்மா ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போயிருக்குது, ஒம்போதுக்கு வந்துரும்."

ஒன்பது மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. ராமுவின் கைபேசியில் பக்கம் திறந்தது, பாட்டு வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதிவுகள் அவ்வளவு பெரியவை. ஒவ்வொன்றுக்கும் சிறிய நகல் எடுத்து ஏற்றுவதற்குள் இட்லித் தட்டு இரண்டு முறை வந்துவிட்டது.

பிறகு பாடியது. தலைப்பில் 'மணப்பெண்ணின் அழுகைப் பாட்டு' என்றிருந்தது.

இரண்டாவது அடியிலேயே ராமுவின் மனைவிக்கு அக்காவான சாந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "இது என் கொரலு. யாருங்க இத அழுகைன்னு எழுதுனது?"

அது ராமுவின் கல்யாணத்தில், பெண் வீட்டார் மாப்பிள்ளையின் தாயைக் கேலி செய்து பாடியது. மூன்று ஊர் விருந்து முடித்து எங்கள் பானையையும் வழிக்க வந்தாளே என்று பொருள் சொன்னார் சாந்தா. அந்தத் தாய் கமலாம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இத மூடிரட்டுமா? நீங்க சொன்னாப் போதும்" என்றேன்.

அவர் பதில் சொல்லுமுன் மருமகள் லட்சுமி சிரித்துவிட்டார். "அத்தே, அன்னிக்கு நான் தலையக் குனிஞ்சு சிரிச்சிக்கிட்டு இருந்தேன். பதிவு பண்ணவரு அழுவறேன்னு நெனச்சிட்டாரு போல."

கமலாம்மாவின் உதடும் இளகியது. "மூட வேணாம். ஆனா அன்னிக்கு நாங்க திருப்பிப் பாடுனமே, அது எங்க?"

தேடினேன். தொகுப்பில் இல்லை.

"அப்ப இப்பப் புடிச்சிக்கோ."

ரோஜா முள் கீறிய கைகளைத் தட்டிக்கொண்டு பாடினார். உங்கள் பானையில் எலிதான் பட்டினி கிடந்தது, அதற்குச் சோறு போட்டதே நாங்கள்தான் என்று பாட்டு. பக்கத்து வீட்டார் வாசலில் கூடிவிட்டார்கள். சாந்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைப்பைக் 'கேலிப் பாட்டு' என்று மாற்றி, பதிலை அதன் கீழேயே ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சாந்தாவும் கமலாம்மாவும் ஒப்புக்கொண்டார்கள்.

மாலைப் பேருந்தில் சென்னையை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் சம்பந்திகளுக்குள் மனத்தாங்கல் வந்தால் யாரும் பாடுவதில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுவார்கள், அவ்வளவுதான்.

ஓசூர் நெருங்கும்போது ராமு அழைத்தார். "மேடம், சாந்தாக்கா அம்மாவுக்குப் பதில் பாட்டு ஒண்ணு கட்டிருச்சு. நாங்களே ஏத்தறது எப்படிங்க?"

கம்பியைப் பிடித்து நின்றபடியே சொல்லிக்கொடுத்தேன். நிலையத்தில் இறங்கிப் பக்கத்தைத் திறந்தேன். சாந்தாவின் பாட்டு ஏறியிருந்தது. அதற்குக் கீழே, கமலாம்மாவின் அடுத்த பதிலும்.