மீன் சுவர் உள்ள ஓட்டல்

அந்தத் தெருவில் யாருக்காவது வெளியே போய் நன்றாகச் சாப்பிட ஆசை வந்தாலும், நல்ல துணி எடுக்க வேண்டியிருந்தாலும், வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியை எங்கே கூட்டிப்போய்க் காட்டுவது என்று முழித்தாலும், நேரே டிரைவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். டிரைவரைக் கேட்க இல்லை, அவர் வீட்டுக்காரியைக் கேட்க. அவள் சட்டைக் காலர் தைக்கிறவள். காலையில் மூட்டையாக வரும், மாலையில் மூட்டையாகப் போகும். மெஷினை நிறுத்தாமலே சொல்லுவாள். துணி என்றால் கண்ணாடிக் கடை, அதிலும் மூன்றாம் மாடி, லிஃப்டுக்குள்ளேயே உட்கார வெல்வெட் பெஞ்சு போட்டிருக்கும். சுற்றிப் பார்க்க என்றால் அருங்காட்சியகம், கூரையில் தொங்கும் திமிங்கில எலும்புக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். சாப்பிட என்றால் ஆற்றங்கரை ஓட்டல், வேறு பேச்சே கிடையாது. "மீன் சுவர் பக்கமா மேசை கேளுங்க. சூப் வர்ற வரைக்கும் மீனைப் பாத்துட்டே இருக்கலாம், பொழுது போறதே தெரியாது" என்பாள்.

கேட்டவர்கள் யாரும் அந்த ஓட்டலுக்குப் போனதில்லை என்பது வேறு விஷயம். அந்த வாசலில் கால் வைக்கிற வருமானம் தெருவில் ஒருவருக்கும் இல்லை. அவள் சொல்லக் கேட்டதே போதும் என்று எழுந்துபோய், தெருமுனைக் கடையில் ரொட்டியும் டீயும் வாங்கிக் கொடுத்து விருந்தாளியை ஒப்பேற்றிவிடுவார்கள். சொன்னவளும் போனதில்லை. இன்னும் சொல்லப்போனால், அவளுக்கு இதையெல்லாம் கண் காது மூக்கு வைத்துச் சொன்னாரே டிரைவர், அந்த மகானுபாவரும் உள்ளே போனதில்லை.

அவர் ஒரு கண் டாக்டரம்மாவிடம் கார் ஓட்டினார். டாக்டரம்மா தனி ஆள். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்த்துவிட்டு, சாயங்காலமானால் தன் கண்ணுக்கும் நாக்குக்கும் ஏதாவது வேண்டும் என்று சிநேகிதிகளோடு கிளம்பிவிடுவார். இன்று ஓட்டல், நாளை கடை, மறுநாள் ஏதாவது கண்காட்சி. முன்வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, காரைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்சந்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பது டிரைவர் வேலை. நல்ல மனுஷிதான் டாக்டரம்மா, டிரைவர் மகனின் படிப்புக்குக்கூட உதவினார். ஆனால் உள்ளே வா என்று கூப்பிட அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அதனால் அந்தப் பெரிய நகரத்தின் பேர்போன இடங்களுக்கெல்லாம் முதுகு எப்படி இருக்கும் என்பது டிரைவருக்கு அத்துப்படி. முகம்தான் தெரியாது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் வீட்டுக்காரி கேட்டாள், இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள் என்று. ஆற்றங்கரை ஓட்டலில் என்றார். அதில் பொய்யில்லை. உள்ளேயா என்று கண்ணை அகல விரித்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, இல்லை, பின்னாடி குப்பைத் தொட்டி பக்கத்தில் என்று சொல்லப் புது மாப்பிள்ளைக்கு வாய் வருமா? ஆமாம், டாக்டரம்மா கையோடு கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார், அவங்களுக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது என்று ஒரு போடு போட்டார். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டாள். அங்கேதான் மாட்டினார். சந்தில் நின்றபோது மேல்மாடி ஜன்னலில் நீலமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது ஞாபகம் வந்தது. ஒரு சுவர் பூராவும் கண்ணாடித் தொட்டி, அதில் மீன் என்றார்.

அன்று பிடித்த சரடு. அப்புறம் விட முடியவில்லை. விட அவருக்கு மனசும் இல்லை என்பதுதான் உண்மை. அவர் வேலை முடிந்து வந்ததும் அவள் தன் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவர் எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார். பின்சீட்டில் சிநேகிதிகள் பேசிக்கொண்டு வந்ததில் கொஞ்சம், சமையலறைச் சுவர்க் காற்றாடி வழியாக வந்த வாசனையில் கொஞ்சம், கடைப் பையின் மேல் போட்டிருந்த படத்தில் கொஞ்சம், மீதி சொந்தச் சரக்கு. சூப்பின் மேல் மிதக்கிற ஆவி எப்படி வளைந்து போயிற்று, மேசை விரிப்பு எவ்வளவு வழவழப்பு, ஒரு மூலையில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு பியானோ வாசித்தார், வாசிக்க வாசிக்க மீனெல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. சொல்லச் சொல்ல அவருக்கே கண் சொக்கும். மழைக்காலத்தில், காரின் கண்ணாடியில் தண்ணீர் வழிய, சந்தும் விளக்கும் கரைந்து ஓடுகிறபோது, உள்ளே நடப்பது அவர் கண்ணுக்கு நிஜமாகவே தெரிந்தது. தான் அளந்துவிட்டதை ஒருநாள் தானே நம்பிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவள் மனசுக்குள் ஒரு நகரம் எழும்பிவிட்டது. அங்கே ஆறு கண்ணாடிக் கடையின் படியை ஒட்டி ஓடும். கடையிலிருந்து இறங்கினால் அருங்காட்சியகம், திமிங்கிலத்தின் விலா எலும்புகளுக்கு நடுவே நடந்துபோனால் ஓட்டல் வந்துவிடும், மழை பெய்தாலும் நனைய வேண்டாம். காலர் மடிக்கும்போதும், தையல் நேர்கோட்டில் ஓடும்போதும் அவள் அங்கேதான் இருப்பாள். மகன் காய்ச்சலில் கிடந்த நாட்களில் அந்த நகரத்தைத்தான் அவனுக்கும் சொன்னாள். வால் கிழிந்த ஒரு மஞ்சள் மீன், அவளைக் கண்டால் மட்டும் கண்ணாடியோரம் வருமாம். அது டிரைவர் சொன்ன மீன் இல்லை. அவளே கொண்டுவந்து விட்டது.

என்னை எப்போது கூட்டிப்போவீர்கள் என்று அவளும் கேட்காமல் இல்லை. ஓட்டலில் பூச்சு வேலை நடக்கிறது, இப்போது கூட்டம், மகன் பரீட்சை முடியட்டும் என்று அவரும் சப்பைக்கட்டுக் கட்டாமல் இல்லை. மகன் பரீட்சை முடிந்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்கே போய்விட்டான். அவரும் நாளைக் கடத்திவிட்டார்.

டாக்டரம்மா தொழிலுக்கு முழுக்குப் போட்டு, காரை விற்றுவிட்டு, அக்கா வீட்டோடு போய் இருப்பதென்று முடிவு செய்தார். போகிற நேரத்தில் டிரைவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. செய்தாரே ஒரு உபகாரம்! டிரைவர் வீட்டுக்கே போன் போட்டு, வீட்டுக்காரியிடம், ஆற்றங்கரை ஓட்டலில் உங்கள் இரண்டு பேருக்கும் நாளைச் சாயங்காலம் மேசை சொல்லியிருக்கிறேன், என் கணக்கு, என்ன வேண்டுமோ சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். டிரைவர் வீட்டுக்கு வந்தபோது தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. வீட்டுக்காரி மெஷின் முன்னால் உட்கார்ந்து, தனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு நல்ல துணிக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

பொய்யன் என்ற பேர் வந்துவிடுமே என்றுகூட டிரைவர் அவ்வளவாகப் பயப்படவில்லை. வந்தால் வரட்டும். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு நகரம்தான். காலர் மூட்டைக்கும் அடுப்புக்கும் நடுவே அவள் போய் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற இடம். அதை நாளைக்குத் தானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இடித்துப்போட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. காலையில் வயிற்று வலி என்று படுத்துப் பார்த்தார். அவள் கசப்பாக எதையோ காய்ச்சி ஊற்றி, அவர் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். அதற்கு வலியே தேவலை என்று எழுந்துவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் போனார்கள். ஆற்றின் மேல் வெளிச்சம் தங்கத்திலிருந்து சாம்பலுக்கு மாறுகிற நேரம். பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்த இடம்போலத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். இறங்கியதும் டிரைவரின் கால் பழக்கதோஷத்தில் பின்சந்துக்குத் திரும்பிவிட்டது. அவளும் கூடவே வந்தாள். பத்தடி போன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு, வழி இதில்லை என்று திரும்பினார். முன்கதவை இழுப்பதா தள்ளுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளிருந்து ஒருவர் திறந்துவிட்டார்.

ஓட்டல் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை விரிப்பு, மேசைக்கு மேசை சின்ன விளக்கு, மெத்தென்ற நாற்காலி. மேல்மாடியில்தான் மேசை போட்டிருந்தார்கள். டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார், அவளைவிட அவருக்குத்தான் அது புதிது. பியானோ இல்லை. சுவர் நான்கும் வெறும் சுவர். அந்த நீல வெளிச்சம் மட்டும் இருந்தது. சமையலறைக்குப் போகிற வழியில், ஜன்னலோரம், பூச்சி வந்து விழுந்து சாவதற்காக மாட்டியிருந்த விளக்கு. டிரைவர் அதைப் பார்த்தார். ஒரு ஈ அதில் பட்டுப் பொசுங்கிய சத்தம் கேட்டது.

அவள் கொஞ்ச நேரம் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். சூப் வந்தது. அதைக் கொண்டுவந்த இளவயதுப் பணியாளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் தம்பி, இங்க ஒரு சுவர் பூரா மீன் தொட்டி இருக்குமே. அது எந்தப் பக்கம்?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, மேனேஜரைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். போய், அந்தக் கோடியில் நரைத்த தலையோடு நின்றிருந்த மேனேஜரின் காதில் குனிந்து பேசினான். மேனேஜர் இவர்கள் மேசையைத் திரும்பிப் பார்த்தார். டிரைவரால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. மூன்றாம் மனுஷன் வந்து அவள் மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்வதற்கு முன், தானே சொல்லிவிடுவது என்று துணிந்தார்.

"தொட்டி கிடையாது. எப்பவுமே கிடையாது. நான் இங்க உள்ள வந்ததே இல்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அதே நேரத்துக்கு அந்தப் பணியாள் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தான். மேனேஜர் சொன்னாராம், அம்மா சொல்வது சரிதானாம், முன்னே ஒரு பெரிய மீன் தொட்டி இருந்ததாம், சுவரைப் புதுப்பித்தபோது எடுத்துவிட்டார்களாம், சிரமத்துக்கு மன்னிக்க வேண்டுமாம். மேனேஜர் அங்கிருந்தே தலையைச் சாய்த்து வணங்கினார். வாடிக்கையாளர் சொன்னதை இல்லை என்று சொல்லி அவருக்கு வழக்கமில்லை. டிரைவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இன்னும் அரை நிமிஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

"பரவால்ல தம்பி" என்றாள் அவள்.

பிறகு கரண்டியை எடுத்தாள். சூப்பைக் குடித்தாள், ரொட்டியைப் பிட்டுத் தின்றாள், வறுத்த மீன் வந்தது, அதையும் முள் எடுத்துச் சாப்பிட்டாள். கோபத்தில் அவள் நன்றாகச் சாப்பிடுவாள் என்பது டிரைவருக்குத் தெரியும். அவருடைய தட்டு அப்படியே இருந்தது. கண்ணாடிக் கடை என்று ஒரு வார்த்தை கேட்டாள். அங்கேயும் வெளியேதான் நின்றேன் என்றார். திமிங்கிலம் என்றாள். அது நிஜமாகவே இருக்கிறது, டாக்டரம்மா பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டேன், ஆனால் பார்க்கவில்லை என்றார். தெரு பூரா சொல்லிக்கொண்டு திரிந்தேனே, வந்து கேட்டவர்களுக்கெல்லாம் வழி சொன்னேனே என்றாள். அவருக்கு அவமானமாக இருந்தது, நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. பிறகு அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கதான் இருந்தீங்க இத்தனை வருஷமா? அந்த இடத்தக் காட்டுங்க."

போகிற போக்கில் பணியாளிடம், தட்டை எடுத்துவிடாதே, வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவர் முன்னால் போனார். இந்த முறை கால் தடுமாறவில்லை. சந்தில் லேசான தூறல். காற்றாடி உஸ்ஸென்று சமையல் வாசனையைத் தள்ளிக்கொண்டிருந்தது. சுவரோரம் கார் நிற்கிற இடத்தைக் காட்டினார். இன்று அங்கே கார் இல்லை, ஈரத் தரைதான் மின்னியது. அவள் அந்த இடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு மேலே பார்த்தாள். ஜன்னலில் நீல வெளிச்சம் தண்ணீருக்கடியிலிருந்து வருகிறதுபோல ஆடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். தொட்டி இருக்கிறதென்றுதான் யாருக்கும் தோன்றும் என்றாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் சட்டென்று திரும்பினாள். முகம் மாறியிருந்தது.

"ஓட்டல்ல சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டுத்தானே வந்து உக்காருவீங்க. அன்னிக்கெல்லாம் உங்களுக்குன்னு ஒரு பிடி வைக்க மாட்டேனே நான். என் முன்னாடி உக்காந்து கதை சொல்லிட்டு, பட்டினியாவா படுத்தீங்க?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லா நாளும் இல்லை, சில நாள் இங்கே ஒரு ரொட்டி கிடைக்கும் என்று இழுத்தார். அவள் விடவில்லை. பசித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"உனக்கு என்ன சொல்லலாம்னு யோசிச்சிட்டிருப்பேன்" என்றார்.

அவள் அந்தக் காலி இடத்தில் நின்றபடியே அழுதாள். அவர் கிட்டே போகவும் தெரியாமல், போகாமல் இருக்கவும் தெரியாமல் கையைப் பிசைந்தார். கொஞ்ச நேரத்தில் அவளே புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்து, முன்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதவை அவளே தள்ளித் திறந்தாள். மேலே போய் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பணியாளைக் கூப்பிட்டு, சூப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் இன்னொரு தடவை சூடாகக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு பேருக்குமா என்று அவன் கேட்டான்.

"இல்ல தம்பி, இவருக்கு மட்டும்."