டின்னின் உள்பூச்சு

பானம் அடைக்கும் டின்களுக்கு உள்ளே மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் பழச்சாற்றின் புளிப்பு டின்னையே அரித்துவிடும். அந்தப் பூச்சைப் பீய்ச்சும் இயந்திரத்தில்தான் அவனுக்கு வேலை. வாங்கிக் கொடுத்தவர் மாமனார். அங்கே போர்மேனும் அவரே. அவன் குடியிருக்கும் வீடும் அவருடையதே. வீட்டோடு மாப்பிள்ளை, வேலையோடும் மாப்பிள்ளை என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவைப்பான். வேறு என்ன செய்ய?

மனைவி முழுகாமல் இருந்தாள். மசக்கையில் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை; டின்னில் வரும் ஆரஞ்சு ஜூஸ் மட்டும் இறங்கியது. மகளுக்கு அதாவது இறங்குகிறதே என்று மாமனார் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அடுக்கினார்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் கூட்டம் போட்டார்கள். பூச்சில் இருக்கும் பிஸ்பினால் என்ற ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பானத்தில் கலக்கிறதாம். உடம்பின் ஹார்மோன்களைக் குழப்புமாம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று சந்தேகமாம்.

"இருக்கிற பூச்சு டிரம் தீரட்டும், அப்புறம் புதுசுக்கு மாறிடலாம்," என்றார் மேலாளர். முன்வரிசையில் நின்ற மாமனார் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தால், மனைவி டின்னைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அதக் குடிக்காத," என்றான்.

"ஏங்க?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார். அவனுக்குப் பாதி தைரியம் அங்கேயே போய்விட்டது.

"கூட்டத்துல சொன்னாங்களே மாமா... நீங்களே சொல்லுங்க."

"சந்தேகம்னுதானே சொன்னாங்க? இவ சின்னப் பிள்ளையிலேர்ந்து இதக் குடிச்சவ. என்ன கெட்டுப்போயிட்டா? நான் பெத்த பொண்ணுக்கு நானே கெடுதல் பண்ணுவேனா?"

"அப்படிச் சொல்லல மாமா."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

மனைவி அப்பாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். டின்னைக் கீழே வைத்தாள். குமட்டல் வந்ததும் மறுபடி எடுத்துக் குடித்தாள்.

மறுநாளிலிருந்து அவனே ஆரஞ்சு பிழிந்து கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தான். "மாப்பிள்ளைக்கு இப்ப சமையலறையிலயும் டூட்டி போட்டுட்டாங்க," என்று மாமியார் சிரித்தாள். சில நாள் முகம் சுளித்த மனைவி பிறகு அதற்குப் பழகிக்கொண்டாள். மாமனார்தான் பேச்சை நிறுத்திவிட்டார். தொழிற்சாலையில் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "மெஷின நிறுத்தச் சொல்லு," என்று வேறொருவரிடம் சொல்லுவார்.

"தனியாப் போயிடலாமா?" என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தான்.

"இந்த நேரத்துலயா? அப்பா ஒடஞ்சு போயிடுவாருங்க."

புது டிரம் வந்தது. பிஸ்பினால் இல்லை என்று அதன்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அப்போ இதுல வேற என்ன சார் இருக்கு?"

"என்ன இல்லன்னு போட்டிருக்குல்ல? அது போதாதா?" மேலாளர் தோளில் தட்டிவிட்டுப் போனார். மூடியைத் திறந்ததும் முன்பு போலவே கண் எரிந்தது. அவன் சுவிட்சைப் போட்டான்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். மாமனார் ஒரு பையோடு வந்து நேராக அவனிடம் நீட்டினார். உள்ளே கண்ணாடியில் பால்புட்டி.

"பிளாஸ்டிக் வேணாம், இதுதான் நல்லதுன்னு கடையில சொன்னாங்க மாப்பிள்ளை."

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். தனிக்குடித்தனப் பேச்சை இப்போது எடுத்துவிடலாம், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது.

"மாமா, ஒரு விஷயம்..."

"நானும் சொல்லணும்னுதான் வந்தேன். மாடியில உங்களுக்கு ஒரு ரூம் கட்டச் சொல்லிட்டேன். காலத்துக்கும் இங்கேயே இருக்கலாம். நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல மாமா," என்றான். புட்டியைக் கொதிக்கவைக்க அடுப்பைப் பற்றவைத்தான்.