ஒளி அடித்த பிறகு உள்ளே போகிறவன்

தர்ஷினி, விதுஷன், இதை இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் அம்மாவிடம் சொல்லிச் சிரியுங்கள்.

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் லேசர் கூடத்தின் வாசலில் ஒரு பாய் கிடக்கிறது. முதல் நாள் அதைக் கண்டதும், பிலிமத்தலாவையில் நம் வீட்டு வாசலில் செய்வதுபோல, சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். அது சப்பாத்தின் தூசியை இழுத்தெடுக்கப் பசை தடவி வைத்த பாய். காலுறை இரண்டும் ஒட்டிக்கொண்டன. மேற்பார்வை பார்க்கும் கெர்டா அம்மா, காலில் காயமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், "ஆமாம், நன்றி" என்றேன். மருந்துப் பெட்டியோடு வந்துவிட்டார்.

உள்ளே, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த பெரிய உலோகக் கூடு இருக்கிறது. அதன் நடுவில் தலைமயிரைவிட மெல்லிய தகடு. லேசர் ஒளி அதில் ஒரு துணுக்கு நேரம் அடிக்கும். கண் இமைப்பதெல்லாம் அதற்கு யுகம். அதற்குள் தகடு, சூரியனுக்குள் இருப்பதைப் போன்ற பிளாஸ்மா ஆகிவிடும். அப்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. படித்தவர்கள் கட்டுப்பாட்டறையில் திரையைப் பார்த்திருப்பார்கள். எல்லாம் முடிந்து கதவு திறந்த பிறகு, கூட்டின் சுவரில் படிந்த கறுப்பைத் துடைப்பவன் நான்.

அந்தத் திரையைப் பார்ப்பவர்களில் ஒருவன்தான் உங்கள் நிரோஷன் மாமா. கண்டியில் பிறந்தவன், தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அரசாங்க உத்தியோகத்தர். அந்தக் கூடத்தில் தமிழ்க் குரல் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! லீவில் ஊருக்குப் போனபோது அவனும் வந்திருந்தான். நான்தான் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

என் வேலையைப் பற்றி உனக்குச் சொல்ல, தர்ஷினி, வருகிற வழியெல்லாம் வசனம் தேடி வைத்திருந்தேன். சோறு போடுவதற்குள் அவன் சொல்லி முடித்துவிட்டான்.

"பெரஹரா ஊர்வலச் சனத்துக்குள்ள ஆரும் நுழைய ஏலாதுதானே? அடர்த்தியான பிளாஸ்மாவும் அப்பிடித்தான். வெளிச்சம் முட்டித் திரும்பி வந்திடும். ஆனா முட்டின வேகத்தில பாரமில்லாத சின்னனுகள் தெறிச்சு ஓடுவினம். அவையை விட ஏலாமல் பாரமானவை பின்னால இழுபட்டு ஓடுவினம்."

"எங்க வீட்டுல அப்பாதானே முன்னுக்கு ஓடுனாரு. அப்ப நாங்க எப்ப மாமா இழுபடுறது?" என்றாய் நீ.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்களுக்கு ஜெர்மனி விசா வராத வருத்தத்தை என்னிடம் ஒருநாளும் சொல்லாதவள், அவனிடம் சொன்னாயே என்றுதான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"அப்பா, நீங்க அதப் பாத்திருக்கீங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன் அவன் முந்திக்கொண்டான். "அண்ணை துடைச்சுத் தந்தாத்தான் எங்களுக்கு அடுத்த வேலையே ஓடும்." நல்ல மனதோடுதான் சொன்னான். அம்மா அவனுக்குப் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

இங்கே திரும்பிய பிறகு நான் அழைக்கும்போதெல்லாம், "மாமா பக்கத்துல இருக்காரா, ஒரு கணக்குக் கேக்கணும்" என்கிறாய். கேள், மகளே. அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் முதலில், அப்பா சாப்பிட்டீங்களா என்று கேள். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நேற்றுக் காலை எல்லாரும் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். கட்டுப்பாட்டறையைத் துடைக்கப் போனேன். நிரோஷனின் கதிரை உயரமாக இருந்தது. பிடியை அழுத்தி, என் கால் தரையில் படும்வரை இறக்கி உட்கார்ந்தேன். திரையில், அடித்து முடிந்த ஒளியின் படம் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றது. பிலிமத்தலாவையில் அது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். நீங்கள் இருவரும் றோட்டைக் கடந்திருப்பீர்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கதிரையைத் திரும்ப உயர்த்தி வைக்கவில்லை.