நவமணி அழித்த மூலை

நவமணிக்குக் கை நடுங்காது. 1971-இல் ஈப்போவில் ஒரு நிலஅளவை அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். தாய் தகப்பன் இருவரும் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர்கள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வந்து நின்ற பெண்ணிடம் அலுவலக முதலாளியான தவுக்கே ஃபோங் ஒரு மைப்பேனாவைக் கொடுத்து, டிரேசிங் தாளில் பத்துக் கோடு போடச் சொன்னார். பத்தும் ஒரே தடிப்பில் விழுந்தன. மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

பதினாறு வருஷம் பிளான் வரைந்தாள். இடையில் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜெயபாலனைக் கட்டிக்கொண்டு சிலிபினில் குடியேறினாள், இரண்டு பிள்ளைகள். கோடு தவறினால் சவர பிளேடால் மையைச் சுரண்ட வேண்டும். ஒரே இடத்தில் மூன்றாம் தடவை சுரண்டினால் தாள் பொத்துக்கொள்ளும். அப்புறம் முழுத்தாளையும் புதிதாகப் போட வேண்டியதுதான்.

1987-இல் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இருந்த ஆண் டிராஃப்ட்ஸ்மேன்களில் ஒருவர் கோலாலம்பூருக்கு வேலை மாறிப் போனார். இன்னொருவர், கண் எரிகிறது என்று கிட்டேயே போகவில்லை. நவமணி போய் உட்கார்ந்தாள். தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கூடவே வந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டளையாகத் தட்டிப் பார்த்தாள். 'மூவ்' என்றால் நகரும். 'காப்பி' என்றால் இன்னொன்று முளைக்கும். 'மிரர்' என்றால் இடது வலதாகும். 'இரேஸ்' என்று தட்டி, வேண்டாததைச் சுற்றி ஒரு பெட்டி போட்டால், உள்ளே அகப்பட்ட கோடெல்லாம் புள்ளிப்புள்ளியாக மங்கும். எண்டரைத் தட்டினால் போய்விடும்.

முதல் வாரம், பெட்டியைப் பெரிதாகப் போட்டு அரைநாள் வேலையை மொத்தமாக அழித்துவிட்டாள். புத்தகத்தைப் புரட்டியபோது, 'ஊப்ஸ்' என்று தட்டினால் கடைசியாக அழித்தது திரும்பும் என்று போட்டிருந்தது. தட்டினாள், வந்தது. கடைசியாக அழித்தது மட்டும்தான் வரும், அதற்கு முந்தியது வராது என்பதை அடுத்த வாரம் ஒரு சாலையைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டாள்.

மறுவருஷம் பெரிய வேலை ஒன்று வந்தது. கோப்பெங் பக்கம் மரமெல்லாம் சாய்த்துவிட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை வீடுகள். நிலத்தை அளந்து வந்தவர் ஐயாவு. அலுவலகத்தின் அளவுக்காரர், வெயிலில் கறுத்த மனிதர். அவர் கொடுத்த அளவுப் புத்தகத்தில், வடகிழக்கு மூலையில், தோட்டத்து ஆட்கள் சுடுகாடு என்று சொல்லும் இடுகாடு ஒன்று இருந்தது. நாற்பத்தோரு குழி, ஒவ்வொன்றுக்கும் நீள அகலம் எழுதியிருந்தார். நவமணி அதையும் திரையில் ஏற்றினாள்.

ஃபோங் பார்த்தார். "அங்கே இப்போ யாரையும் புதைக்கிறதில்லை. எடுத்துடு," என்று மலாயில் சொன்னார். குரலில் கோபமில்லை, பழைய வேலி ஒன்றை எடுக்கச் சொல்வதுபோலச் சொன்னார். நவமணி திரைக்குத் திரும்பினாள். இரேஸ். பெட்டி. எண்டர். அந்த மூலையில் பதினொரு வீடு வந்தது.

பத்து நாள் கழித்து, பிளான் அனுமதிக்குப் போகுமுன் சரிபார்க்க ஐயாவு வந்தார். விரித்துப் பார்த்தவர் விரலை அந்த மூலையிலேயே வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, சுடுகாடு எங்கலா?"

"தவுக்கே எடுக்கச் சொன்னாரு, அண்ணே. எடுத்துட்டேன்."

"நீ எடுத்துட்டே. அங்க இன்னும் பன்னெண்டு குடும்பம் இருக்கு. நாலு நாளு அதுங்கதான் எனக்குச் சோறு போட்டுச்சிங்க. பயப்படாதீங்க, உங்க சுடுகாட்டப் பிளான்ல போட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். நாளைக்கு அனுமதி வந்தா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு எல்லை முளை அடிக்கப் போறது?"

நவமணி பிளானைச் சுருட்டினாள். "ரெண்டு நாளு பொறுங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஊப்ஸ் இதற்கு உதவாது. அதற்குப் பிறகு எத்தனையோ கோட்டை அழித்திருந்தாள். அளவுப் புத்தகத்தை மறுபடி எடுத்தாள். ஒரு குழியைப் போட்டு மற்றதையெல்லாம் காப்பி செய்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். எந்த இரண்டும் ஒரே அளவில் இல்லை. ஒன்பது குழிகள் மூன்றடிக்கும் குறைவு. முதல் தடவை எண்ணாகத்தான் ஏற்றியிருந்தாள். அவை குழந்தைகள் என்பது இப்போதுதான் உறைத்தது. நாற்பத்தொன்றையும் தனித்தனியாகப் போட்டு எண் கொடுத்தாள்.

தாமான் என்னும் புதுக் குடியிருப்பில் விளையாட்டுத் திடல் ஒன்று விட்டே ஆகவேண்டும் என்பது விதி. திடல் நடுவில் இருந்தது. அதை மூவ் போட்டுச் சுடுகாட்டை ஒட்டிக் கொண்டுபோனாள். காலியான நடுவில் ஒரு வரிசை வீட்டைக் காப்பி செய்து, மிரர் போட்டு, அடுக்களைகள் முதுகோடு முதுகாகச் சேரும்படி திருப்பினாள். தாளில் மூன்று வாரம் பிடிக்கும் வேலை, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. இருநூற்று ஒன்பது வீடு.

ஃபோங் பிளானை வாங்கிப் பார்த்தார். "மூணு வீடு குறையுது."

"குறையுது. அங்க உள்ளவங்க மனு கொடுத்தா மொத்தப் பிளானும் திரும்பி வரும். அப்புறம் ஆறு மாசமோ ஒரு வருஷமோ."

"நான் இதைச் செய்யச் சொன்னேனா?"

"இல்லை. அதுல நீங்க சொன்னது இருக்கு," என்று பழைய பிளானையும் மேசைமேல் வைத்தாள். "எது வேணுமோ அதை அனுப்புங்க. ஆனா பழசை அனுப்பினா, வரைஞ்சவங்கன்னு இருக்கிற இடத்துல என் பேரைப் போட வேணாம்."

அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. ஃபோங் இரண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தாள், ஜெயபாலனிடம்கூடச் சொல்லிவிட்டாள். வேலை போகவில்லை. நான்காம் நாள் புதிய பிளானுக்கே பிரதி எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். வீடு கட்டுபவருக்கும் அவருக்கும் என்ன பேச்சு நடந்தது என்று கடைசிவரை அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

1989-இல் அனுமதி கிடைத்தது. புதிதாக யாரையும் புதைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இதில் அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் வருத்தம்தான். பாதிப் பேர் அதற்குள் ஈப்போவுக்கு மாறியிருந்தார்கள்.

முளை அடிக்கும் நாளில் நவமணி முதல்முறையாக அந்த நிலத்துக்குப் போனாள். பதினெட்டு வருஷத்தில், தான் வரைந்த ஓர் இடத்தைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. லாலாங் புல் இடுப்பளவு நின்றது. ஐயாவு பாராங் கத்தியால் வெட்டி வழிவிட, அந்தக் குடும்பங்களில் ஒரு பெண் தன் மாமியாரின் குழியைக் காட்டி, "இதுவும் சுடுகாட்டுக் கோட்டுக்கு உள்ளதான வருது?" என்று கேட்டாள். நவமணி பிளானை விரித்துத் தேடி, பதினேழாம் எண்ணைக் காட்டினாள்.

"ஆமாங்கக்கா, உள்ளதான் வருது."