பார்த்தால்தான் வேலை

தொற்று பரவத் தொடங்கியதிலிருந்து டாக்டரம்மாவின் காதும் போனும் ஒட்டிப் பிறந்தவை போலாகிவிட்டன. இருமுகிறவர், மூச்சு வாங்குகிறவர், பயத்திலேயே காய்ச்சல் வந்தவர் என்று தெருவே அந்தக் காதுக்குள் குடியேறியிருந்தது. குடும்ப டாக்டர்களின் வேலைப்பளுவைக் கண்காணிக்க வந்த அதிகாரியோ, நேரில் ‘பார்த்த’ நோயாளிகளை மட்டும்தான் எண்ணுவார். போனில் கேட்டதெல்லாம் அவருக்கு வெட்டிப்பேச்சு. “உங்க கிளினிக்ல வேலையே இல்ல போலிருக்கே!” என்று வாய் கூசாமல் விளக்கம் வேறு கேட்டார். டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அதே அதிகாரி போனில் இருமினார்.

“ரொம்ப முடியல டாக்டர். வேலை நேரத்துல தொந்தரவு பண்றேனா?”

“சேச்சே, உங்க கணக்குப்படி நான் சும்மாதானே சார் இருக்கேன்! நிதானமா இருமுங்க.”