ஜெபம் போட்ட பொட்டலம்

பொட்டலத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டு, கண்களை மூடி, மருந்தகத்து நர்ஸ் ஊசியம்மா ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார்: "ஆண்டவரே இந்த மருந்தை ஆசீர்வதியும் இந்த உடம்பைத் தொடும் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு சாப்பிட்டப்புறம் வெறும் வயித்துல கூடாது ஆமென்." கண் திறப்பதற்குள் "அடுத்து" என்ற சொல்லும் வந்துவிடும். ஆண்டவரிடம் சொன்னது எங்கே முடிந்தது, நோயாளியிடம் சொன்னது எங்கே தொடங்கியது என்று பிரித்தெடுக்க முடியாது. காலை எட்டரைக்குக் கதவு திறந்தால் மதியத்துக்குள் அறுபது, எழுபது பொட்டலங்கள். வாங்குகிறவர்கள் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி வாங்குவார்கள். ஒற்றைக் கையில் வாங்கினால் மருந்து பாதிதான் பிடிக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது.

மிஷன் கட்டிய நீளமான ஓட்டுக் கட்டடம் அது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் மருந்தகம், அந்தப் பக்கம் எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம். இங்கே ஒரு குழந்தை ஊசிக்கு வீறிட்டால் அங்கே வாய்ப்பாடு ஒரு கணம் தடுக்கி விழுந்து, ஏழெட்டு ஐம்பத்தாறில் எழுந்து நிற்கும். வாத்தியார் நாற்காலி மேல் ஏறித் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டுவார்.

"சிஸ்டர், நீங்க அங்க ஊசி போட்டா இங்க ரெண்டு பேருக்கு வயித்து வலி வந்துடுது."

"உங்க கணக்குக்கு வர்ற வலிய என் தலையில கட்டாதீங்க வாத்தியாரே." ஊசியம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். திரும்பினால் மாத்திரை எண்ணிக்கை தவறிவிடும். தட்டையான கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுகிறவர் அவர். யாராவது குறுக்கே பேசினால் கோபிக்காமல், அலுத்துக்கொள்ளவும் செய்யாமல், எல்லாவற்றையும் திரும்ப டப்பாவில் கொட்டி ஒன்றிலிருந்து தொடங்குவார்.

வயது ஐம்பத்தேழு. முட்டி இரண்டும் போய்விட்டன. காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் வேலை. எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு, "ஏந்திரிடி" என்று தன்னையே ஒருமுறை அதட்டுவார். காலையில் ஜன்னல் விளிம்பில் வைத்த தேநீர் மதியம் வரைக்கும் அங்கேயே ஏடு கட்டி இருக்கும். அதை அப்படியே ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஆறினாத்தான் ருசி" என்று தனக்குள் ஒரு சமாதானம். ராத்திரி தூங்குகிறார்தான். காலையில் உடம்பு எழுந்துகொள்கிறது; களைப்பு மட்டும் கூடவே எழுந்து, அவருக்கு முன்னால் மருந்தகத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

நகரத்தில் இருக்கிற மகள் ஞாயிறு தவறாமல் பேசுவாள். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா?"

"வேற ஆள் வரட்டும்."

"நீ இருக்கிற வரைக்கும் ஆள் அனுப்ப மாட்டாங்கம்மா. எதுக்கு அனுப்பணும்?"

"சிக்னல் சரியில்ல" என்று சொல்லி ஊசியம்மா போனை வைத்துவிடுவார்.

மாதம் ஒருமுறை போதகர் வருவார். இளவயது, சுறுசுறுப்பு, மிஷன் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி வாங்காமல் போக மாட்டார். "ஒரு சாட்சி குடுங்க சிஸ்டர். ஜனங்க வாழ்க்கையில தேவன் செஞ்சது ஏதாவது." ஊசியம்மா யோசித்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எழுதியும் கொடுப்பார்: 'இந்த மாதம் வயிற்றுப்போக்கு நாற்பத்தொன்று. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். கிணற்றுக்கு மூடி தேவை.'

பொட்டலத்தில் ஜெபம் ஏறியதற்கு ஒரு கதை உண்டு. அவர் வந்த புதிதில் மேல்குடியிருப்பு ஜனங்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் வழியில் ஓடையில் போடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் கொடுக்கிற வெள்ளைக் கட்டியை யார் விழுங்குவார்கள்? ஒருநாள் ஒரு தாய் தன் குழந்தைக்கு மருந்து வாங்க நீட்டிய கையைப் பின்னால் இழுப்பதைப் பார்த்து, ஊசியம்மா அந்தக் கையைத் தன் கைக்குள் பொத்தி, வாய்விட்டு ஜெபம் செய்தார். நமக்குக் கெடுதல் செய்ய நினைக்கிறவள் சாமி பேரை எடுக்க மாட்டாள் என்று அந்தத் தாய்க்குப் பட்டிருக்க வேண்டும். குழந்தை மருந்தைக் குடித்தது, பிழைத்தது. அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். மிஷனை நம்பாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லோரும் அந்த ஜெபத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு சமயம் மகளின் பிரசவத்துக்காக அவர் மூன்று வாரம் லீவில் போயிருந்தார். பதிலுக்கு வந்த நர்ஸ் சின்னப் பெண். மருந்தைக் கொடுத்து, வேளையைச் சொல்லி அனுப்பிவிட்டாள். ஊசியம்மா திரும்பி வந்த அன்று வாசலில் முப்பது பேர் வரிசை. எல்லோர் கையிலும் பிரிக்காத பொட்டலம். "அந்தப் பாப்பா நல்ல பாப்பாதான் சிஸ்டர். ஆனா இதுல ஜெபம் போடல. கொஞ்சம் போட்டுக் குடுங்க."

அன்று ஊசியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் பல வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தார். போதகர் அதைப் பத்திரிகையில் போட்டார். படித்த யாருக்கும், சொன்ன அவருக்கும், அதில் சிரிப்பைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை.

அந்த வேறொன்று தென்பட்டது போன செவ்வாய்க்கிழமை. வரிசையில் பத்தாவதாகவோ பதினொன்றாவதாகவோ ஒரு மாமியாரும் மருமகளும். மருமகளுக்கு எட்டு மாதம். அவள் ஊசியம்மாவுக்குப் புதியவள் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் படித்தவள். மேல்குடியிருப்பிலிருந்து எட்டாவது முடித்த முதல் பெண். வாத்தியார் அந்த வருஷம் ஊர் முழுக்க அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். புருஷன் கட்டட வேலைக்கு வெளியூர் போயிருக்கிறான்; வீட்டில் மாமியாரும் அவளும்தான். அதற்கு முந்தின வாரம் வந்தபோது இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. ஊசியம்மா மாத்திரை கொடுத்து, செவ்வாய்க்கிழமை கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்.

முகம் ஊதியிருந்தது. கண்ணிமைகள் பாதிதான் திறந்தன. கால் எலும்பின் மேல் ஊசியம்மா கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் நிரம்பவில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. நம்பாமல் இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். அதேதான்.

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா. கண்ணு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு சிஸ்டர்."

"மாத்திரை வேளாவேளைக்குப் போட்டியா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பெருமையோடு இடுப்பு முடிச்சை அவிழ்த்துத் துணிக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை.

"தலைமாட்டுலயே வச்சிருந்தோம். ஒரு நாள்கூட எடுக்கல. கைபடாம பத்திரமா வச்சிருக்கேன் பாருங்க."

"பிரிக்கலையா?"

"பிரிச்சா போயிடாதா சிஸ்டர், ஜெபம்?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "மேல எழுதியிருந்ததைப் படிச்சேன் சிஸ்டர். மூணு வேளைன்னு அத்தைகிட்ட சொன்னேன். நீங்களே ஜெபிச்சுக் குடுத்தது, அதுக்கு மேல நம்ம கை எதுக்குன்னாங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. ஊசியம்மா பொட்டலத்தைக் கையில் எடுத்தார். எத்தனை வீடுகளில், எத்தனை தலைமாட்டில் இப்படிக் கிடக்கிறதோ என்று அவர் நினைத்திருக்கலாம். பிறகு பொட்டலத்தை இரண்டாகக் கிழித்தார். ஒரு மாத்திரையை எடுத்து, ஜெபமில்லாமல், அந்தப் பெண்ணின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் வலிப்பு வராமலிருக்க இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி போட்டார். வெளியே வந்து பெட்டிமேல் உட்கார்ந்து, மிஷன் வண்டி ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

"வண்டிய எடு. பெரிய ஆஸ்பத்திரி."

மாமியார் குறுக்கே வந்து நின்றாள். "எதுக்கு ஆஸ்பத்திரி? ஊசி போட்டாச்சு. ஒரு ஜெபம் பண்ணுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வீட்டுக்குப் போனா வலிப்பு வரும். தாயும் இருக்காது, பிள்ளையும் இருக்காது. போய்த்தான் ஆகணும்."

"போன தடவையும் இதே வண்டிதான் சிஸ்டர்." மாமியாரின் குரல் உயரவில்லை. "எம் பொண்ணைப் படுக்க வச்சு அனுப்பினீங்க. திரும்பி வந்தது துணி மூட்டைதான். ஆஸ்பத்திரி எனக்கு வேணாம். உங்க ஜெபம் போதும்."

ஊசியம்மாவுக்கு அது நினைவிருந்தது. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணைக் கொண்டுவந்ததே காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள்தான். அன்று இரண்டு மணி நேரப் பாதை முழுக்க, தொண்டை கட்டிப்போகும் வரை ஜெபித்துக்கொண்டே போனார். மாமியாருக்கு அது தெரியாது. அவளுக்கு அன்று வண்டியில் இடமில்லை.

"வண்டியில ஏறுங்க," என்றார் ஊசியம்மா. "ஏறினப்புறம்தான் ஜெபம்."

இருபத்தாறு வருஷத்தில் அவர் யாருக்கும் அதை மறுத்ததில்லை. காலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் பதறிப்போனார். "அப்ப எனக்கும் வண்டியில ஏறினாத்தானா சிஸ்டர்?"

"உங்களுக்குக் கட்டு மட்டும்தான் தாத்தா. சும்மா இருங்க."

"ஜெபம் பண்ண மாட்டேங்கிற சிஸ்டரை இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றாள் மாமியார். "நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

"தப்பு உங்களுது இல்ல." விளக்குவதற்கு இருபத்தாறு வருஷத்தையும் பின்னாலிருந்து பிரித்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு நேரமில்லை, தெம்பும் இல்லை.

மருமகள்தான் நடந்தாள். ஒரு கையால் வயிற்றையும் இன்னொரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், வண்டியின் பின்பக்கத்தில் கையை ஊன்றி நின்றாள். "நான் போறேன் அத்தை. நீங்களும் வாங்க. இந்தத் தடவை கூட வாங்க."

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய் ஏறினாள். மருமகளை மேலே இழுத்து, நீளப் பலகையில் இடப்பக்கமாகப் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாத்தியாரே, கூட்டத்தை நாளைக்கு வரச் சொல்லுங்க. போகும்போது ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க, வீட்டுல பிரிக்காத பொட்டலம் இருக்கான்னு. இருந்தா எடுத்துட்டு வரணும்." தடுப்புக்கு மேல் தெரிந்த தலை ஒன்றும் புரியாமல் ஆடியது. ஊசியம்மா 'ஏந்திரிடி' சொல்லக்கூட மறந்து எழுந்து, வலிப்பு மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

வண்டி ஓடையைத் தாண்டியதும் மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். "ஏறியாச்சு சிஸ்டர். சொன்னீங்களே. இப்பப் பண்ணுங்க."

மருமகளும் கண்ணை மூடிக்கொண்டாள். ஓட்டுநர்கூட வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"நீ ஓட்டுப்பா," என்றார் ஊசியம்மா.

அவரும் கண்களை மூடினார். 'ஆண்டவரே' வந்தது. அதற்குப் பின்னால் எப்போதும் தானாக வந்து நிற்கிற சொற்கள் எதுவும் வரவில்லை. இன்னொரு முறை 'ஆண்டவரே' என்றார். சக்கரங்கள் கல்லில் ஏறி இறங்கின. மாமியார் காத்திருந்தாள்.

ஊசியம்மா கண்ணைத் திறந்தார். இருக்கையிலிருந்து நழுவி வண்டியின் தரையில், அந்தப் பெண்ணின் கால்மாட்டில் உட்கார்ந்தார். வார் இறங்கிப் பதிந்திருந்த செருப்புகளை மெல்லக் கழற்றினார். வீங்கிய பாதங்கள் இரண்டையும் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளைச் சீருடையின் ஓரத்தால், விரலிடுக்குகளில் காய்ந்திருந்த சேற்றை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.